தண்டவாளமும் ஒற்றையடிப் பாதையும்

புதுவை இரயில் நிலையத்தில் நின்று தண்டவாளத்தை நோக்கும்போதெல்லாம் நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவதுண்டு: இந்த வழி யாருக்காகப் போடப்பட்டது?

1879-ஆம் ஆண்டு விழுப்புரத்திலிருந்து புதுவைக்கு இரயில் வந்தது. பிரெஞ்சு மண்ணில் அப்பாதையின் நீளம் ஏறத்தாழ 8 மைல். தென்னார்க்காட்டு நிலக்கடலை புதுவையில் கப்பலேறி மர்சேய் நகரின் எண்ணெய் ஆலைகளை அடைந்தது. இங்கு சாயமேற்றிய நீலத்துணி மேற்கு ஆப்பிரிக்கா வரை சென்றது. இந்த வாணிகமே இருப்புப்பாதையை இங்கு அழைத்து வந்தது. வழியில் வில்லியனூரில் லூர்து அன்னையின் திருத்தலம் அதற்குச் சற்று முன்னரே எழுந்திருந்தது; திருப்பயணிகளுக்கும் இரயில் உதவியது. ஆயினும், நிலையத்தைவிட்டு விலகியிருந்த சிற்றூராருக்கு மாட்டுவண்டியும் தம் இரு கால்களுமே துணை. நகரிலோ செல்வர் புஷ்வண்டியில் அமர்ந்து சென்றனர். பின்னாலிருந்து தள்ளியவர் நடந்தார்.

சரக்கு வகுத்த வழிக்குக் குறுக்கே எல்லைக்கோடு வந்து நின்றது. புதுவைப் பகுதி ஒரே நிலப்பரப்பன்று. ஒன்றையொன்று தொடாத பல துண்டுகளாகத் தென்னார்க்காட்டுக்குள் சிதறிக் கிடந்தது. பக்கத்து ஊருக்குப் போவதே அயல்நாட்டுக்குப் போவதாயிற்று. 1949-இல் சுங்க ஒன்றியம் முடிவுற்றபின் காவல் மேலும் இறுகியது. 1954 நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தபோது காவற்சாவடிகள் பொருளிழந்தன. ஆனால் துண்டுகள் துண்டுகளாகவே நின்றன. இன்றும் கடலூர் சாலையில் செல்லும் பேருந்து புதுவை மண்ணைவிட்டுத் தமிழக மண்ணில் நுழைந்து மீண்டும் புதுவைக்குள் வருகிறது.

சட்டம் இதை அறியாமல் இல்லை. ஒரு பேருந்து புறப்படும் இடமும் சேரும் இடமும் ஒரே மாநிலத்தில் இருந்து, இடையே 16 கிலோமீட்டருக்கு மிகாத வழி மட்டும் அடுத்த மாநிலத்தில் அமைந்தால், அம்மாநிலத்தின் மேலொப்பம் வேண்டியதில்லை என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 88-ஆம் பிரிவு. ஆகவே எல்லையைக் காரணம் காட்ட இனி இடமில்லை. எஞ்சியிருப்பது கணக்கு. பத்துப் பேர் காத்திருக்கும் ஊருக்குப் பேருந்து விட்டால் எண்ணெய்ச் செலவு கட்டுமா? அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி பேறுகாலத்துப் பெண்ணாக இருக்கலாம் என்பது அந்தக் கணக்கில் ஏறுவதில்லை.

பேருந்துக்காகக் காத்திராத மக்களையும் வரலாறு கண்டிருக்கிறது. 1991-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களின் கையில் கொடுத்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். பல்லாயிரம் கிராமப் பெண்கள், கல்லுடைக்கும் தொழிலாளர் உட்பட, ஓட்டப் பழகினர். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்களின் வண்டியையே எடுத்தனர். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் எனக் கண்டு அதையே விரும்பியவரும் உண்டு. பேருந்து நிறுத்தத்தில் கழிந்த மணிகள் அவர்களுக்கே திரும்பக் கிடைத்தன.

ஆனால் மக்களின் முயற்சி அரசின் கடமையைத் தள்ளுபடி செய்யாது. முதியவரும் நோயாளியும் மிதிவண்டி ஏற இயலாது. தமிழகத்தில் 1997-இல் சிற்றூர்களுக்கெனச் சிற்றுந்துத் திட்டம் வந்தது. 2025 ஜூனில் அது தஞ்சையில் புதுவடிவில் தொடங்கப்பட்டது. இவற்றின் வெற்றியை ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் போதாது. மாலையில் கடைசி வண்டி எப்போது என்று கேட்போம். அதுதான் பள்ளி முடிந்து வரும் மாணவியின் கேள்வி.

நிலக்கடலைக்கு வழி கண்ட காலம் ஒன்று. எல்லைக்கு வழி மறித்த காலம் ஒன்று. மனிதருக்கு வழி அமைக்கும் காலம் நம்முடையதாகட்டும். நம் ஊரில் பேருந்து எட்டாத தெரு எது, அங்கே நடந்து செல்பவர் யார் என்று அறிந்துகொள்வதிலிருந்து நாம் தொடங்குவோம்.