துணை விசையின் கதை



திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்த கீரனூர் என் ஊர். பள்ளி விடுமுறையொன்றில் அங்கிருந்த தட்டச்சுப் பயிலகத்தில் தமிழ்த் தட்டச்சுக் கற்றேன். முதல் வாரத்தில் ஆசிரியர் இரண்டு பாடங்களை வற்புறுத்தினார். ஷிப்ட் விசையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே எழுத்தைத் தட்டுக என்பது ஒன்று. மெய்யெழுத்து வேண்டுமாயின் புள்ளியை முதலிலும் எழுத்தைப் பின்னரும் தட்டுக என்பது மற்றொன்று. புள்ளி விசையைத் தட்டினால் வண்டி நகராது. அடுத்து வரும் எழுத்து அப்புள்ளியின் கீழே வந்து அமரும். கூடப் பிடித்தல், முன்னே தட்டுதல் என்னும் இவ்விரு வழிகளே பின்னாளில் கணிப்பொறியையும் ஆண்டன என்பதை அன்று நான் அறியேன்.

பல ஆண்டுகளுக்குப் பின், கல்லூரிக் கூடமொன்றில் முனையத்தின் முன் அமர்ந்திருந்தேன். முனையம் என்பது, நாம் தட்டுவதைக் கம்பி வழியே கணிப்பொறிக்கு அனுப்பி, அது தரும் விடையை எழுத்தாகக் காட்டும் கருவி. கண்ட்ரோல் விசையோடு எஸ் என்னும் எழுத்தைத் தவறுதலாக அழுத்திவிட்டேன். திரை அப்படியே நின்றது. பொறி பழுதாயிற்று என்றெண்ணி அதை அணைத்தேன். அரைநாள் உழைப்பு அழிந்தது. கண்ட்ரோலோடு க்யூ என்னும் எழுத்தை அழுத்தியிருந்தால் யாவும் மீண்டிருக்கும் என்று அருகிலிருந்த ஒருவர் பிறகு சொன்னார். ஏன் அவ்வாறு என்று தேடியபோதுதான் இவ்வரலாறு எனக்குக் கிடைத்தது.

1878-இல் வந்த இரண்டாம் ரெமிங்டன் பொறியில், ஷிப்ட் விசை தானாக எதையும் அச்சிடாது. அடுத்த எழுத்தின் வடிவை மாற்றும். துணை விசையின் தொடக்கம் இது. 1963-இல் ஆஸ்கி என்னும் எண் முறை வெளிவந்தது. அதில் எழுத்துகளுக்கும் கட்டளைகளுக்குமாக 128 எண்களே உண்டு. அவற்றுள் முதல் 32 எண்கள், மணி அடி, வரியைத் திருப்பு என்பன போன்ற கட்டளைகள். அக்காலத் தொலைத்தட்டச்சுப் பொறிகளில் கண்ட்ரோல் விசையின் வேலை இக்கட்டளைகளை எட்டுவதே. எழுத்தின் எண்ணிலிருந்து 64-ஐ அது கழிக்கும். எஸ்ஸின் எண் 83, கழித்தால் 19. துளையிட்ட காகித நாடாவைப் படிக்கும் கருவியை நிறுத்தும் கட்டளை அது. க்யூவின் எண் 81; கழித்தால் 17. அதனை மீண்டும் ஓட்டும் கட்டளை அது. நாடா மறைந்தது, கட்டளை மறையவில்லை. என் திரையை நிறுத்தியது அந்தப் பழைய எண்ணே!

இதில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. கம்பியில் விரல் செல்வதில்லை, விசையும் செல்வதில்லை, எண் ஒன்றே செல்கிறது. ஐ என்னும் ஆங்கில எழுத்தைக் கண்ட்ரோலோடு அழுத்தினால் 9 செல்லும். டேப் விசையை அழுத்தினாலும் 9 தான். மறுமுனையிலுள்ள கணிப்பொறி இவ்விரண்டையும் எங்ஙனம் பிரித்தறியும்? கண்ட்ரோலோடு ஷிப்டையும் சேர்த்தாலும் பழைய முறையில் அதே எண்தான். நாம் வேறு வேறாக உணர்வது அங்கே ஒன்றாகிவிடுகிறது.

கட்டளைகள் பெருகவே, மெட்டா என்னும் மற்றொரு துணை விசை தோன்றியது. இன்றைய ஆல்ட் விசை அதன் வேலையைச் செய்கிறது. அதற்கு இரு வழிகள் இருந்தன. எழுத்தின் எண்ணோடு 128-ஐக் கூட்டி அனுப்புதல் ஒரு வழி. எஸ்கேப் என்னும் 27-ஐ முன்னே அனுப்பி, எழுத்தைப் பின்னே அனுப்புதல் மற்றொரு வழி. 1978-இல் வந்த விடி 100 முனையத்தில் மேல்நோக்கு அம்பு விசையும் 27, 91, 65 என மூன்று எண்களாகவே செல்லும். இவ்வழியிலும் ஒரு குறை உண்டு. 27 தனியே வந்தால், மேலும் ஏதேனும் வருமோ என்று நிரல் சற்றே காத்திருக்க வேண்டும்.

இங்கேதான் தமிழுக்குரிய செய்தி வருகிறது. 1992-இல் வகுக்கப்பட்ட யூடிஎப் 8 முறையில் ககரம் 224, 174, 149 என மூன்று எண்களாகச் செல்கிறது. மூன்றும் 128-க்கு மேற்பட்டவை. முதல் வழியைக் கொண்ட முனையத்திலோ, அந்த 224 என்பது 96-ஆம் குறியோடு அழுத்திய மெட்டாவாகும்! தமிழில் ஒரு சொல் எழுதினால் கணிப்பொறி அதனைக் கட்டளைகளின் வரிசையாகக் கொள்ளும். இரண்டாம் வழி பரவியதால் அந்த மேல் எண்கள் உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எஞ்சின. இன்று சில முனைய நிரல்கள் விசையையும் துணை விசையையும் தனித்தனியே தெரிவிக்கின்றன. எனினும் எஸ்கேப் வழி வழக்கொழியவில்லை.

குறுக்கு விசை சிறிய பொருளாகத் தோன்றலாம். எண்கள் சிலவே உள்ள இடத்தில், ஒன்றற்கு இடம் கொடுத்தால் மற்றொன்றற்கு இடம் இல்லை. நாளை நீங்களே ஒரு கருவியை வகுக்க நேரின், அதில் எழுத இன்னும் வராத மொழிக்கும் இடம் விட்டு வையுங்கள். புள்ளியை முதலில் தட்டு என்று கீரனூரில் கேட்ட குரல் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. முன்னே ஒரு குறி, பின்னே ஓர் எழுத்து. தமிழ் முனையத்துள் நுழைய வழிவிட்டதும் அம்முறையே.