உலர் ஊசி

ஊசியில் ஈரமென்ன, உலர்வென்ன? சிரிஞ்சில் மருந்து ஏற்றிக் குத்தினால் அது ஈர ஊசி. மருந்தே இல்லாமல், துளையற்ற மெல்லிய ஊசியைத் தசைக்குள் செலுத்துவது ‘ட்ரை நீட்லிங்’, அதாவது உலர் ஊசி. இறுகிய தசைமுடிச்சுகளில் அமெரிக்க மருத்துவர் ஜேனட் டிராவல் புரோக்கேன் என்ற மரப்பு மருந்தைச் செலுத்தி வலி போக்கினார். மருந்து இல்லாமலே, குத்துவதாலேயே வலி தணிகிறது என்று செக் மருத்துவர் காரெல் லெவிட் 1979இல் எழுதினார்.

அந்த முடிச்சின் பெயர் ‘டிரிகர் பாயிண்ட்’. டிரிகர் என்றால் துப்பாக்கியின் விசை. ‘இழு’ என்னும் பொருளுள்ள டச்சு வினையிலிருந்து பிறந்த சொல். விசையை இழுப்பது ஓரிடம், குண்டு பாய்வது வேறிடம். தோள்பட்டைத் தசையில் முடிச்சிருக்க, நெற்றிப்பொட்டில் வலிப்பதும் அப்படித்தான். ஆகவே ‘தூண்டல் புள்ளி’ என்பதைவிட ‘விசைப்புள்ளி’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அக்குபங்சரிலும் இதே வகை ஊசிதான். அங்கே மரபு வகுத்த புள்ளிகளில் குத்துவார்கள். இங்கே தசையை விரலால் தடவி, முடிச்சைக் கண்டு குத்துவார்கள். சரியான இடம் பட்டால் தசை சட்டென்று துடிக்கும். பயிற்சி இல்லாத கை மார்பிலோ மேல்முதுகிலோ ஆழமாகக் குத்தினால் நுரையீரலே துளைபடக்கூடும்.