நாகர் தலைவனும் ஞாயிற்றுக்கிழமைக் கறியும்

காரைக்கால் கோவில்பத்தில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டுக்கறிதான். ஊருக்கு வரும்போதெல்லாம் காலையிலேயே பையோடு கறிக்கடை வாசலில் போய் நிற்பது என் வேலை. ஒருமுறை வந்திருந்தபோது, "இனிமே மாசத்துக்கு ஒரு தடவை போதும்மா" என்றேன். "ஏன், சைவமாயிட்டியா?" என்று கேட்டாள் அம்மா. இல்லை. "டாக்டர் எதும் சொன்னாரா?" அதுவும் இல்லை. பூமி சூடாவதைப் பற்றியும், கடையோரத்தில் கட்டிக் கிடக்கிற ஆட்டைப் பற்றியும் ஏதோ சொல்லப் பார்த்தேன். அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள். "பாவம்னா முழுசா விடு. இல்லன்னா சாப்புடு. அது என்ன பாதிப் பாவம்?"

அப்போது என்னிடம் பதில் இல்லை. நாம் புழங்குகிற சொற்களிலேயே அந்தப் பதிலுக்கு இடம் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. சைவம், அசைவம் என்று சுவிட்ச் மாதிரி இரண்டே நிலைகள். ஒரு சமயத்தின் பெயரே ஒரு சாப்பாட்டுக்கும் பெயராகிவிட்ட மொழி நம்முடையது. அந்தச் சமய வரலாற்றில் எங்கள் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு.

கோவில்பத்தில் உள்ள பார்வதீசுவரர் கோவில்தான் தேவாரத்தில் வரும் திருத்தெளிச்சேரி. சம்பந்தர் இந்தப் பக்கம் வந்தபோது போதிமங்கையில் இருந்த பௌத்தர்கள் அவரை மறித்து வாதிட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. வாதத்தில் யார் வென்றார்கள் என்று சேக்கிழார் எழுதியிருப்பதை ஊகிப்பது கடினமல்ல. ஆனால் அந்தக் கதையிலிருந்து நமக்கு வேறொன்றும் தெரிகிறது: இந்தக் கடற்கரையில் பௌத்தர்கள் வாழ்ந்த நினைவு 12ஆம் நூற்றாண்டிலும் அழியவில்லை. தெற்கே நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர்கள் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலத்தைக் கொடுத்ததை லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன. வடக்கே தரங்கம்பாடியைத் தாண்டினால் மணிமேகலையின் புகார்.

அதற்கும் முந்தைய தமிழர்களுக்குக் கறி தின்பதில் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. 'புலன் அழுக்கற்ற அந்தணாளன்' என்று பெயர் வாங்கிய கபிலரே, ஊன் சோறு தின்பதைத் தவிர வேறு உழைப்பு அறியாததால் தன் கை மென்மையாக இருக்கிறது என்று சேர மன்னனிடம் சொல்கிறார் (புறநானூறு 14). பட்டினப்பாலையின் புகாரில் பரதவர்கள் இறாலைச் சுட்டும் வயல் ஆமையை வேகவைத்தும் தின்கிறார்கள். அதே பாட்டில், அதே ஊரில், கொலையை விலக்கி வாழ்பவர்களும் வருகிறார்கள். பிறகு வள்ளுவர். புலால் மறுத்தலில் 256ஆவது குறள் பாவ புண்ணியத்தை விட்டுவிட்டுச் சந்தையைப் பேசுகிறது: தின்பதற்காகக் கொல்பவர்கள் இல்லையென்றால் விற்பதற்காகக் கொல்பவர்களும் இருக்க மாட்டார்கள். தேவை குறைந்தால் வரத்து குறையும். இன்றைய சூழலியலாளர்களின் வாதமும் ஏறக்குறைய இதுதான்.

ஆனால் அம்மாவின் கேள்விக்குப் பதில் குறளில் இல்லை, மணிமேகலையில் இருக்கிறது. புகார் வணிகன் சாதுவன் கப்பல் உடைந்து, ஒரு மரத்துண்டைப் பற்றிக்கொண்டு, மனிதரைத் தின்னும் நாகர்களின் மலையில் கரையேறுகிறான். அவர்களுடைய மொழி தெரிந்ததால் உயிர் தப்புகிறான். கள்ளும் ஊனும் கொடுக்கச் சொல்கிறான் தலைவன். சாதுவன் மறுத்து, வினையையும் மறுபிறப்பையும் விளக்குகிறான். முதலில் சிரித்த தலைவன், கடைசியில் அவன் காலில் விழுந்து சொல்வது முக்கியமானது: கள்ளையும் ஊனையும் விட்டால் எங்களால் உயிர் வாழ முடியாது, எங்களுக்கு ஏற்ற அறம் எதுவோ அதைச் சொல். சாதுவன் முழுசா விடு என்று சொல்லவில்லை. கப்பல் உடைந்து உயிரோடு கரையேறும் மனிதர்களைக் கொல்லாதே, மூப்பில் தானாக இறக்கும் விலங்கைத் தவிர வேறெந்த உயிருக்கும் தீங்கு செய்யாதே என்கிறான். தலைவன் ஒப்புக்கொள்கிறான்.

இதைப் படித்துவிட்டு நான் கொஞ்சம் நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தீவிர பௌத்தக் காப்பியம் ஒன்று, மனிதரைத் தின்பவனோடு பேரம் பேசி, அவனால் முடிந்ததை மட்டும் அறமாக ஏற்கிறது. நீ தாழ்ந்தவன் என்ற பேச்சே அங்கு இல்லை. நம் ஊரில் கறி தின்னாமை பெரும்பாலும் சாதியின் உயரத்தைக் காட்டும் அளவுகோலாகவே இருந்திருக்கிறது. மாட்டுக்கறி தின்பவர்களை ஒதுக்கி வைக்க அதே அறத்தைத்தான் பயன்படுத்தினோம். ஆகவே கறியைக் குறைப்பது பற்றிப் பேசும் எவரும் முதலில் தன் தட்டைத்தான் காட்ட வேண்டும்.

என் தட்டின் கணக்கு இது. 119 நாடுகளின் சுமார் 38,700 பண்ணைகளை வைத்து ஜோசப் பூரும் தாமஸ் நெமெசெக்கும் 2018இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வின் உலக சராசரிப்படி, 100 கிராம் புரதத்துக்கு வெளியாகும் பசுங்குடில் வாயு, இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டுக்கு 50 கிலோ, ஆட்டுக்கு 20, கோழிக்கு 6க்குச் சற்றுக் குறைவு, பட்டாணிக்கு அரை கிலோகூட இல்லை. காரணம் வயிறு. அசைபோடும் விலங்கின் இரைப்பையில் நுண்ணுயிர்கள் புல்லைச் சிதைக்கும்போது மீத்தேன் உண்டாகி ஏப்பமாக வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடாக்கும்.

அப்படியானால் கோழிக்கு மாறிவிடலாமா? ஓர் ஆட்டின் கறிக்கு ஈடாகப் பல கோழிகள் சாக வேண்டும், அதுவும் நெருக்கியடித்த கொட்டகைகளில் வளர்ந்து. காலநிலை ஒரு பக்கம் இழுக்கிறது, கருணை மறுபக்கம். பண்ணை இறாலும் அதே ஆய்வில் ஆட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது, 18 கிலோ. சைவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது: பாலும் நெய்யும் தருவது அதே அசைபோடும் வயிறுதான். உலகில் அதிகம் பால் உற்பத்தி செய்யும் நம் நாட்டில், கறவை நின்ற எருமையும் கன்றாகப் பிறந்த கிடாவும் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் இறைச்சிக் கூடம்.

இந்தக் கணக்கில் முழுக்கச் சுத்தமான தட்டு எங்குமே இல்லை. அதனால் குறைப்பது அர்த்தமில்லாமல் போய்விடாது. குறைப்பது நமக்குப் புதிதும் அல்ல. வெள்ளிக்கிழமை, அமாவாசை, புரட்டாசி, மாலை போட்ட கார்த்திகை என்று அம்மாவின் காலண்டரிலேயே கறி இல்லாத நாட்கள் எத்தனை! அவற்றுக்குக் காரணம் சாமி. என்னுடைய நாட்களுக்குக் காரணம் ஆடும் வானிலையும். இவ்வளவுதான் வித்தியாசம்.

சென்ற முறை போனபோது அம்மாவிடம் சாதுவன் கதையைச் சொன்னேன். முழுசும் கேட்டாள். "அந்த நாகன் அப்புறம் சொன்ன மாதிரி இருந்தானாமா?" என்றாள். காப்பியம் அதைச் சொல்லவில்லை. சாதுவன் பொருளோடு ஊர் திரும்பியதை மட்டும்தான் சொல்கிறது என்றேன்.

"இருந்திருப்பான். முழுசா விடச் சொல்லியிருந்தாத்தான் ஏமாத்தியிருப்பான்" என்று சொல்லிவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை கத்திரிக்காயும் மொச்சையும் போட்டுக் குழம்பு வைத்தாள்.