எழுத்தும் ஓவியமும்: பணிக்கர் கண்ட குறிகள்

திருவண்ணாமலைக் கோயிற் சுவர்களிற் கல்வெட்டுப் படித்துப் பழகிய நாம், கே. சி. எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறிகளும்' என்னும் ஓவிய வரிசையையும் முதலிற் படிக்கவே முயன்றோம். அது பிழையென்பது பின்னரே புலனாயிற்று.

1911-இல் கோயம்புத்தூரிற் பிறந்த பணிக்கர், தந்தித்துறை வேலையை விடுத்துச் சென்னை ஓவியப் பள்ளியில் தேவிபிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்றவர். தொடக்கத்தில் அவர் தீட்டியவற்றுள் இயற்கைக் காட்சிகளை நீர்வண்ணத்தில் வடித்தவை சிறந்தன. 1957-இல் அப்பள்ளியின் தலைமையை ஏற்றார். மேனாட்டாரைப் பின்பற்றாது இந்திய ஓவியர் புதுமை செய்தல் கூடுமா என்பதே அந்நாளில் அவர்முன் நின்ற வினா. 

அதற்கு விடை, மாணவன் ஒருவனுடைய கணக்கு நோட்டின் பக்கமொன்றிலிருந்து கிடைத்தது என்பது வியப்பே! எண்களும் உரோம எழுத்துகளும் வடிவகணித உருவங்களும் அவர் கருத்தைக் கவர்ந்தன. 1963 முதல் அவை சாதகக் கட்டங்களோடும் மலையாள எழுத்தின் சாயலோடும் அவர் திரையில் இடம்பெற்றன. பறவையும் விலங்கும் இடையே தோன்றும். கணிதத்தையும் சோதிடத்தையும் ஒருங்கு வைத்தலை அறிவியலார் ஒப்பார். ஓவியர் கொண்டதோ அவற்றின் உண்மையை அன்று, கட்டமும் கோடுமாகிய தோற்றத்தையே.

எழுத்துப்போல் தோன்றும் அவ்வரிகள் பெரும்பாலும் படித்தற்குரியன அல்ல. சிதைந்த கல்வெட்டில் விடுபட்ட எழுத்தை நாம் ஊகித்து நிரப்புகிறோம்; ஈண்டு நிரப்புதற்கு யாதுமில்லை. தமிழ் படித்த கண்ணுக்கு இஃது எளிதன்று.

1966-இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர்கள் கூடி வாழச் சோழமண்டலம் என்னும் சிற்றூரை அவர் நிறுவினார். மெழுகுச்சாயத் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்ற பணம் அதற்குத் துணையாயிற்று. 1977-இல் பணிக்கர் மறைந்தார்.