மாடிப்படிக்கு கீழே தூங்கும் தாத்தா புல்லட்... வீட்டிலேயே உயிர் கொடுப்பது எப்படி? ஆர்.சி. முதல் ஆயில் வரை முழு விவரம்

வியாசர்பாடி, திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் பழைய வீடுகளுக்குள் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். மாடிப்படிக்கு கீழே, தார்ப்பாய் மூடி, மேலே பழைய பேப்பர் கட்டு அடுக்கி வைத்த ஒரு கனமான பைக். கேட்டால், "தாத்தாவோட புல்லட், ஓடாது. ஆனா விக்க மனசு வரல" என்பார்கள். 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் தண்ணீரில் நின்ற வண்டிகளும் இதில் உண்டு.

இரும்பு விலைக்குப் போடுவதா, சரி செய்து ஓட்டுவதா? முடிவு எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

பிரிட்டிஷ் வண்டி வடசென்னைக்கு வந்தது எப்படி?

ராயல் என்ஃபீல்டு, இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் பிறந்த கம்பெனி. 1901-ல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. 'புல்லட்' என்ற பெயர் 1932-ல் வந்தது. 1950-களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் புல்லட் 350-ஐ வாங்கத் தொடங்கியது. இதைத் தொடர்ந்து 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' உருவானது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது.

ஆரம்பத்தில் இங்கிலாந்தில் இருந்து பெட்டி பெட்டியாக பாகங்கள் வந்து இறங்கின. இங்கே பூட்டினார்கள், அவ்வளவுதான். 1960-களின் தொடக்கத்துக்குள் பாகங்களும் இங்கேயே தயாராகின. ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் பிரிட்டனில் உற்பத்தியே நின்றுபோனது. ஆனால் திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977-ல் இங்கே செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகிப் போனது!

அந்த வார்ப்பிரும்பு இன்ஜின் வடிவமைப்பு 2000-களின் இறுதி வரை தொடர்ந்ததுதான் நமக்கு நல்ல செய்தி. ஐம்பது வருஷம் கிட்டத்தட்ட ஒரே இன்ஜின் என்பதால் உதிரி பாகம் இன்றும் கிடைக்கிறது. பிரிட்டனில் நின்றுபோன மற்ற பழைய பைக்குகளுக்கு இந்த அதிர்ஷ்டம் கிடையாது.

முதல் வேலை ஸ்பேனர் இல்லை, ஆர்.சி.

நிறைய பேர் சறுக்கும் இடம் இது. பெயின்ட், குரோம் என்று பணத்தைக் கொட்டிய பிறகு, ஆர்.சி-யில் இருக்கும் இன்ஜின் நம்பரும் வண்டியில் இருக்கும் நம்பரும் வேறு வேறு என்று தெரிந்தால்? வண்டி பளபளவென்று இருக்கும், ரோட்டில் இறக்க முடியாது. நம்பர் சுரண்டப்பட்டிருந்தால் திருட்டு வண்டி சந்தேகமும் உங்கள் தலையில் விழும்.

அதனால் மண்ணெண்ணெய் துணியால் துடைத்து, இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் போட்டோ எடுங்கள். ஆர்.சி-யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள்.

* தாத்தா பெயரில் இருக்கிறதா? உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ-வுக்குத் தகவல் சொல்லி, 3 மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். தாமதமானால் அபராதத்தோடு வாரிசு ஆவணங்கள் கேட்பார்கள்.
* ஆர்.சி. தொலைந்துவிட்டதா? நகல் கேட்க படிவம் 26.
* 15 வருஷம் தாண்டிவிட்டதா? படிவம் 25 கொடுத்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் திருத்தத்தின்படி 20 வருஷத்துக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு இந்தக் கட்டணம் 2,000 ரூபாய். பசுமை வரி தனி.
* பழைய புத்தக ஆர்.சி-யா? விவரம் ஆன்லைனில் ஏறாமல் இருக்கலாம். முதலில் அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

'விண்டேஜ்' நம்பர் வாங்கலாமா?

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதற்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவில் இருந்து 50 வருஷம் தாண்டிய, சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிதான் 'விண்டேஜ்'. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். 10 வருஷம் செல்லும். ஏற்கெனவே நம்பர் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு கண்டிஷன்: தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க... இதற்கு மட்டும்தான் ரோட்டுக்கு எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போக வேண்டும் என்றால் சாதாரண புதுப்பித்தல்தான் சரி.

வெள்ளத்தில் நின்ற வண்டியா? கிக்கரைத் தொடாதீங்க!

ஆசையில் முதலில் எல்லோரும் செய்வது ஓங்கி ஒரு கிக். உள்ளே தண்ணீர் நின்றால் கனெக்டிங் ராடு வளையும். துரு பிடித்திருந்தால் பிஸ்டன் ரிங் உடையும். பிறகு சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும்.

அதற்குப் பதில், ஆயிலை வடியுங்கள். பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி சில நாள் விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். இளகினால் சந்தோஷம். இளகவில்லையா? சுத்தியல் வேண்டாம், பிளாக்கைக் கழற்றும் வேலை வந்துவிட்டது.

ஸ்பேனர் ஏன் பொருந்தவில்லை?

பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் மில்லிமீட்டர் கணக்கு கிடையாது. விட்வொர்த், சைக்கிள் திரெட் என்று அங்குலக் கணக்கில் மரை இருக்கும். விட்வொர்த் ஸ்பேனரில் எழுதியிருக்கும் அளவு நட்டின் தலை அகலம் அல்ல. போல்ட்டின் தண்டு விட்டம். அதனால்தான் எந்த நம்பரைப் போட்டாலும் குழப்பம்.

'கிட்டத்தட்ட சரியா இருக்கே' என்று மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் நட்டின் முனை மழுங்கும். மரை மாறிய போல்ட்டைத் திணித்தால் அலுமினிய கேஸில் மரை போய்விடும். புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் பழைய அங்குல ஸ்பேனர்களைத் தேடலாம். உதிரி பாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகள். எங்கே போனாலும் பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் ஒத்துப் பார்த்தே வாங்குங்கள்.

வீட்டில் எது, பட்டறையில் எது?

160 கிலோவுக்கு மேல் எடை உள்ள வண்டி இது. தனியாகத் தூக்க முயற்சிக்க வேண்டாம்.

*வீட்டிலேயே பண்ணலாம்:* கழற்றுவது, சுத்தம் செய்வது, கார்பரேட்டர், பாயின்ட், கேபிள், ஒயரிங், பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட். கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் போட்டோ எடுங்கள். நட்டு போல்ட்டைத் தனித்தனி கவரில் போட்டுப் பெயர் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து எது எங்கே என்று ஞாபகம் இருக்காது.

*லேத் பட்டறைக்குப் போக வேண்டியவை:* பிளாக் போர் போடுவது, வால்வு சீட், கிராங்க் அலைன்மென்ட், உடைந்த போல்ட் எடுப்பது. புல்லட் 350-ன் பிஸ்டன் விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., மொத்தம் 346 சிசி. பிளாக் தேய்ந்திருந்தால் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். பிஸ்டனை முதலில் வாங்கிக் கொடுத்து, அதை அளந்து போர் போடச் சொல்லுங்கள். மாற்றிச் செய்தால் இடைவெளி தப்பும், இன்ஜின் ஜாம் ஆகும்.

ரயில்வே பணிமனையும் ஆலைகளும் சூழ்ந்த ஏரியா என்பதால் பழைய லேத் கைகள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் நாலு பேரிடம் விசாரித்துப் போங்கள்.

உயிருக்கு ஆபத்து: இந்த மூன்றையும் மறக்காதீங்க

1. பெட்ரோல் டேங்க் வெல்டிங். காலியான டேங்க்தான் அதிக ஆபத்து. உள்ளே தங்கிய பெட்ரோல் ஆவி ஒரு பொறியில் வெடிக்கும். வருஷக்கணக்காகக் காலியாக இருந்தாலும் வீட்டில் பற்றவைக்கக் கூடாது. முறையாகக் கழுவி ஆவி நீக்கிச் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.
2. பிரேக், கிளட்ச் தூசி. பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். வாயால் ஊதவோ, கம்ப்ரசர் காற்று அடிக்கவோ வேண்டாம். முகக்கவசம் போட்டு ஈரத் துணியால் துடையுங்கள்.
3. டயர். பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகி வெடித்திருக்கும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். '2319' என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. மாற்றும்போது டியூபையும் மாற்றிவிடுங்கள்.

இப்போதைய பெட்ரோல் ஒத்துக்குமா?

இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய், வாஷர், டேங்க் உள்பூச்சு எல்லாம் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, ஊறி இளகலாம். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். எனவே எத்தனால் தாங்கும் புது குழாய் போடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கையும் கார்பரேட்டரையும் வடித்து வையுங்கள்.

முதல் ஸ்டார்ட்: படிப்படியாக

* புது ஆயில் ஊற்றுங்கள். பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.; ஃபீலர் கேஜில் பாருங்கள்.
* டேப்பட்டை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே வையுங்கள். புஷ்ராடு விரலால் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது.
* சாவி போட்டு, அம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, லீவரை விடுங்கள். கிக்கர் மேலே வரட்டும். இப்போது ஒரே மூச்சில் முழு கிக். பாதி கிக் அடித்தால் திருப்பி அடிக்கும், கணுக்கால் போகும்.
* ஸ்டார்ட் ஆனதும் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டை லேசாகத் தளர்த்துங்கள். ஆயில் கசியவில்லை என்றால் உடனே ஆஃப் செய்யுங்கள்.

போர் போட்ட இன்ஜினை முதல் சில நூறு கிலோமீட்டர் முறுக்க வேண்டாம். இன்னொன்று, இந்த வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போதைய பைக் பழகியவர்கள் அவசரத்தில் பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பார்கள். ஜி.என்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே இறங்கும் முன், காலியான இடத்தில் ஒரு வாரமாவது பழகுங்கள்.

அப்போ... சரி செய்யலாமா, விட்டுடலாமா?

ஆர்.சி. இருந்து, நம்பர் ஒத்துப்போனால், எவ்வளவு துரு இருந்தாலும் சரி செய்ய முடியும். ஒரே மாதத்தில் முடிக்க வேண்டியதில்லை. இந்த மாதம் இன்ஜின், அடுத்த போனஸில் டயர் என்று போகலாம். பேப்பரே இல்லை, நம்பரும் தெரியவில்லை என்றால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு அங்கேயே நிறுத்துவதுதான் நல்லது.

பெயின்ட்டைக் கடைசியாக வையுங்கள். டேங்கில் தாத்தா கால் முட்டி உரசிய இடம் மட்டும் தேய்ந்திருந்தால், அதை அப்படியே விட்டாலும் தப்பில்லை. வண்டி ஓடுவதற்கு அது தடையில்லை.