நடுநாட்டு அன்னசாலைகள்

விழுப்புரமும் திண்டிவனமும் அடங்கிய நடுநாட்டில் சிவபூசையும் பசிதீர்க்கும் அறமும் வேறுவேறாக வளர்ந்தனவல்ல. இந்நாட்டுத் திருவாமூரில் தோன்றிய மருணீக்கியார், பெற்றோரை இழந்தபின் அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தர்களும் அமைத்தார் எனப் பெரியபுராணம் கூறும்.

அவரே நாவுக்கரசராகிச் சம்பந்தப் பிள்ளையாரோடு சோழநாட்டுத் திருவீழிமிழலையில் எழுந்தருளியிருந்தபொழுது கொடிய பஞ்சம் நேர்ந்தது. இறைவன் இருவர்க்கும் நாள்தோறும் படிக்காசு அருளினான். பிள்ளையார் பெற்ற காசு வட்டம் கொடுத்து மாற்ற வேண்டியதாயிற்று. அதனால் அவர் திருமடத்தில் அமுது காலந்தாழ்ந்தது. அதனைப் பொறாது பதிகம் பாடி நற்காசு பெற்றார். பசித்தார்க்கு உரிய பொழுதில் சோறிடல் வேண்டும் என்பதே இவ்வரலாற்றின் உட்பொருள்.

1866ஆம் ஆண்டுப் பஞ்சத்தை அடுத்து, 1867 மே 23 அன்று வடலூரில் இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. விழுப்புரமும் திண்டிவனமும் வடலூரும் அந்நாளில் தென்னார்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தின் ஊர்களாம்.

2024 நவம்பர் 30 அன்று கரைகடந்த ஃபெஞ்சல் புயலில், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பொழிந்தது. வெள்ளம் சூழ்ந்தபின் அரிசி தேடுதல் அரிது. முன்னரே நெல்லும் விறகும் நிறைந்த சாலையே உதவும். ஆதலின், குடமுழுக்கில் கோபுரக் கலசத்துள் தானியம் நிறைக்கும் அன்பர்கள், கோயில் அன்னசாலையிலும் அது குறையாது காத்தல் சிவத்தொண்டேயாம்.