பெயர்ப்பலகையில் ஏறிய பட்டம்

திருவனந்தபுரத்தில் தம்பானூர் என்றொரு பகுதி உண்டு. இரயில் நிலையமும் பேருந்து நிலையமும் அங்கே ஒரு சாலையின் இருமருங்கிலும் எதிரெதிராக அமைந்துள்ளன. நாகர்கோவில், மார்த்தாண்டம், செங்கோட்டை முதலிய ஊர்களிலிருந்து சிகிச்சை நாடி வரும் தமிழர்கள் இந்நகரில் முதன்முதலாகக் கால் வைக்கும் இடம் அதுவே. அங்கிருந்து அவர்கள் மருத்துவக் கல்லூரிக்கும், அதனையடுத்துள்ள புற்றுநோய் மையத்துக்கும், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்துக்கும் செல்கின்றனர். வழியெங்கும் பெயர்ப்பலகைகள். மலையாள எழுத்தை அறியாத ஒருவருக்கு அவற்றில் விளங்குவன பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ள 'டி', 'ஆர்' என்னும் இரண்டு எழுத்துக்களே. டாக்டர் என்பதன் சுருக்கம் அது. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் நிலையும் இதுவேயன்றோ? மொழி தெரியாத ஊரில் நோயுற்றவன் அவ்விரண்டு எழுத்துக்களை நம்பியே படியேறுகின்றான்.

சில ஆண்டுகளாக அவ்வெழுத்துக்களை வைத்தியர்கள் மட்டுமன்றி, மருந்தியலிலும் பிசியோதெரபி என்னும் இயன்முறை வைத்தியத்திலும் பட்டம் பெற்ற பலரும் தம் பெயருக்கு முன்னே இட்டுக்கொள்கின்றனர். இது முறையா என்னும் வாதம் நாடெங்கும் எழுந்துள்ளது. இவ்வாதம் புதியதன்று. வைத்தியத் துறையில் பட்டங்கள் படிப்படியாக ஏறிவந்த வரலாறு நூறாண்டுகளுக்கும் மேற்பட்டது. ஒவ்வோர் ஏற்றத்திலும் யார் பயனடைந்தனர், யார் இழந்தனர் என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

தம்பானூரிலிருந்து நாகர்கோவில் செல்லும் இரயில் பாதையிலிருந்து சிறிது விலகி நெய்யூர் என்னும் ஊர் உள்ளது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூர், 1956 வரை திருவிதாங்கூர் நாட்டுடன் இணைந்திருந்தது. அங்கே இலண்டன் மிஷன் வைத்தியசாலையில் 1860-களில் ஜான் லோ என்னும் வைத்தியர் உள்ளூர் இளைஞர் சிலருக்குத் தம் தொழிலைக் கற்பித்தார். பல்கலைக்கழகப் பட்டமின்றியே அவ்விதம் பயின்றவர்கள் சுற்றுப்புறக் கிளை வைத்தியசாலைகளில் பணியாற்றினர். செய்யத் தெரிந்த வேலையே அக்காலத்தில் தகுதியாயிற்று.

ஆயின், இம்முறையில் ஓர் இடர் உண்டு. தெரிந்தவனையும் தெரியாதவனையும் பிரித்தறிய நோயாளியிடம் யாதொரு கருவியும் இல்லை. பணத்துக்குப் பட்டம் வழங்கும் போலிக் கல்லூரிகளும் தோன்றின. ஆகவே அரசாங்கம் தலையிட்டது. சென்னை மாகாணத்தில் 1914-இல் மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. 1916-இல் இந்திய மருத்துவப் பட்டங்கள் சட்டம் இயற்றப்பட்டது. தகுதியற்றோர் மருத்துவப் பட்டம் வழங்குவதையும் பூணுவதையும் தடுப்பதே இதன் நோக்கம். பட்டம் என்பது நோயாளிக்கு அளிக்கப்பட்ட காப்பு என்னும் கருத்து இங்ஙனம் சட்டமாயிற்று. அக்கருத்து இன்றும் செல்லத்தக்கதே.

அந்நாளில் வைத்தியர்கள் இரு வகுப்பினராயிருந்தனர். எம்.பி.பி.எஸ். போன்ற பல்கலைக்கழகப் பட்டம் பெற்றோர் ஒருசாரார். மருத்துவப் பள்ளிகளில் ஏறக்குறைய நான்காண்டு பயின்று எல்.எம்.பி. என்னும் உரிமச் சான்று பெற்றோர் மற்றொரு சாரார். நம்மில் வயது முதிர்ந்தோர் பலருக்கு எல்.எம்.பி. டாக்டர் என்றதும் ஏதேனும் ஓர் ஊரும் ஒரு முகமும் நினைவுக்கு வரும். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-இல் பெண்களுக்கென நிறுவிய மருத்துவப் பள்ளியும் எல்.எம்.பி. வகுப்பாகவே தொடங்கிற்று. ஆண் வைத்தியரிடம் செல்லத் தயங்கிய குடும்பப் பெண்களிடையே அப்பள்ளியின் மாணவியர் ஆற்றிய பணி பெரிது.

எனினும், 1933-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் எல்.எம்.பி. வகுப்பினரைத் தன் எல்லைக்குப் புறம்பாக்கிற்று. பின்னர், 1930-களின் இறுதியில், உரிமச் சான்றுப் படிப்பையே நிறுத்திவிடச் சென்னை அரசாங்கம் முடிவு செய்தது. வேலூர்ப் பள்ளிக்கு இரண்டே வழிகள் இருந்தன: கல்லூரியாக உயர வேண்டும், அன்றேல் மூடப்பட வேண்டும். எழுபது வயதை எட்டிய ஐடா அம்மையார் அமெரிக்கா சென்று நிதி திரட்டினார். 1942-இல் வேலூரில் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கிற்று. நெய்யூரில் நெடுங்காலம் தொண்டாற்றிய சாமர்வெல் என்னும் அறுவை வைத்திய நிபுணர் பிற்காலத்தில் அங்கே ஆசிரியராக அமர்ந்தார். இன்று வேலூர் மருத்துவக் கல்லூரியின் புகழை அறியாதார் யார்? பட்டம் உயர்ந்தபோது கல்வியும் மெய்யாகவே உயர்ந்தமைக்கு அஃது ஒரு சான்று.

நாட்டின் பிற பகுதிகளை நோக்கின் கணக்கு வேறாகின்றது. 1946-இல் போர் குழு தன் அறிக்கையை அளித்தபோது, நாட்டில் பதிவு பெற்ற வைத்தியர்கள் ஏறத்தாழ 47,500 பேர். அவருள் 30,000 பேர் வரை உரிமச் சான்று பெற்றவர்களே. இனி ஒரே தரமுள்ள வைத்தியரே வேண்டும் என்று குழுவின் பெரும்பான்மையோர் கூறினர். வைத்தியர் பஞ்சம் தீரும்வரை குறுகிய படிப்பும் தொடரட்டும் என்று சில உறுப்பினர்கள் மாறுபட்டனர். பெரும்பான்மையோர் கருத்தே நிலைத்தது. தரம் உயர்ந்தது உண்மை. ஆனால் ஆறாண்டுக் காலமும் பெரும்பொருளும் செலவிட்டுப் பட்டம் பெற்றவர் சிற்றூருக்குச் செல்லத் தயங்கினார் என்பதும் உண்மை. 2001-இல் சத்தீஸ்கர் மாநிலம் சிற்றூர்களுக்கென மூன்றாண்டு வைத்தியப் படிப்பொன்றைத் தொடங்கிற்று. அதனைப் பயின்றோரை எப்பெயரால் அழைப்பது என்னும் பூசலிலேயே அத்திட்டம் சிக்குண்டது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது.

இனி மருந்துக் கடைக்கு வருவோம். 1948-ஆம் ஆண்டின் மருந்தாளுநர் சட்டம், மருந்து கலக்கும் பணியில் ஐந்தாண்டு இருந்த கம்பவுண்டர்களையும் முதற்பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. பின்னர் இரண்டாண்டு டி.பார்ம். படிப்பு விதியாயிற்று. அதற்கு மேல் நான்காண்டு பி.பார்ம். பட்டம் நின்றது. 2008-இல் பார்ம்.டி. என்னும் ஆறாண்டுப் படிப்பு வந்தது. ஐந்தாண்டு பாடம், ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி.

இந்த ஏற்றம் அமெரிக்காவைப் பார்த்து வந்தது. தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1950-இல் பார்ம்.டி. பட்டத்தை அங்கே தொடங்கிற்று. ஐம்பதாண்டு விவாதத்திற்குப் பின், 2000-ஆம் ஆண்டை ஒட்டி, மருந்தாளுநராவதற்கு அதுவே ஒரே வாயில் என்னும் விதி அமைந்தது. இயன்முறை வைத்தியத்துக்கும் 2016 முதல் டாக்டர் பட்டமே நுழைவுத் தகுதியாயிற்று. அந்நாட்டிலேயே நடந்த மற்றொரு நிகழ்ச்சி கருதத்தக்கது. 1962-இல் கலிபோர்னியாவில் ஆஸ்டியோபதி வைத்தியர்கள் ஈராயிரவருக்கும் மேற்பட்டோர் 65 டாலர் கட்டணம் செலுத்தி எம்.டி. பட்டம் பெற்றனர். அவர்தம் கல்வியும் அனுபவமும் முதல் நாள் இருந்தவாறே மறுநாளும் இருந்தன. பெயருக்குப் பின்னுள்ள எழுத்து மட்டுமே மாறிற்று.

நம் நாட்டில் அமெரிக்கப் படிப்பு வந்தது. அமெரிக்க விதி வரவில்லை. மருந்துக் கடையில் நிற்பதற்கு இரண்டாண்டு டி.பார்ம். இன்றும் போதும். ஆறாண்டு பயின்ற பார்ம்.டி.யும் அதே பதிவேட்டில்தான் இடம்பெறுகின்றார். மருத்துவமனைப் படுக்கையருகே நின்று, ஒரு மருந்து மற்றொன்றோடு முரண்படுகின்றதா, சிறுநீரகம் பழுதுற்றவருக்கு அளவைக் குறைக்க வேண்டுமா என்று ஆய்ந்து சொல்வதற்கே அவர் பயிற்றப்பட்டார். அது நோயாளிக்கு மிகவும் வேண்டப்படும் வேலை. ஆயினும் அவ்வேலைக்குரிய பதவிகள் அரசாங்க மருத்துவமனைகளில் போதிய அளவில் அமையவில்லை. பட்டம் ஏறிற்று, பதவி ஏறவில்லை. ஆங்கிலச் சமூகவியல் அறிஞர் ரொனால்ட் டோர் 1976-இல் வெளியிட்ட நூலொன்றில் இலங்கை முதலிய நாடுகளைச் சுட்டி இந்நோயை விளக்கினார். சான்றிதழ் பெற்றோர் பெருகப் பெருக, அதே வேலைக்கு மேலும் உயர்ந்த சான்றிதழ் கேட்கப்படும். வேலை மாறாது, அதை அடையும் செலவே வளரும். அச்செலவைத் தாங்குவது குடும்பம்.

இயன்முறை வைத்தியத்தின் கதையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. இளம்பிள்ளை வாதத்தால் முடங்கிய குழந்தைகளை நடக்கவைத்த துறை அது. 2025-இல் வெளியான அதன் பாடத்திட்டம், பெயருக்கு முன் 'டாக்டர்' என்றும் பின் 'பி.டி.' என்றும் இட்டுக்கொள்ள இடமளித்தது. அவ்வாண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், அவ்வாறு இடுதல் நோயாளியை மயக்கும் என்றும், 1916-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முரணாகும் என்றும் மத்திய சுகாதார இயக்ககம் கடிதம் விடுத்தது. மேலும் ஆராய வேண்டியுள்ளதெனக் கூறி மறுநாளே அக்கடிதத்தை மீட்டுக்கொண்டது. இவ்வழக்கு கேரள உயர் நீதிமன்றத்தின் முன்னும் சென்றது.

டாக்டர் என்னும் சொல் இலத்தீன் மொழியில் கற்பிப்பவன் என்னும் பொருளது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் சமயமும் சட்டமும் கற்பித்தோரும் டாக்டர்களே. ஆகவே அச்சொல் வைத்தியருக்கு மட்டும் உரிய சொத்து என்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. மறுபுறம், இங்கிலாந்தில் அறுவை வைத்தியர்கள் 1745 வரை நாவிதரோடு ஒரே சங்கத்தில் இருந்தவர்கள். அம்மரபினால் இன்றும் அவர்கள் 'மிஸ்டர்' என்றே அழைக்கப்படுகின்றனர். அதனால் அவர்தம் மதிப்புச் சிறிதும் குறைந்ததில்லை.

மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள நாம் இவ்விடத்தில் ஒன்று கூறலாம். ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்குமிடத்தில் தமிழில் இரண்டு உள. ஆய்ந்து பட்டம் பெற்றவர் முனைவர். நோய் தீர்ப்பவர் மருத்துவர். பார்ம்.டி. பட்டத்தைத் தமிழாக்க முயலும்போது இவ்விரண்டும் பொருந்துவதில்லை. மருந்தாளுநர் என்பதே அவர் செய்யும் வேலையைச் செவ்வனே உணர்த்துகின்றது. இயன்முறை வைத்தியரையும் அவ்வேலைப் பெயராலேயே தமிழ் நன்கு குறிக்கின்றது. வேலையின் பெயரைச் சொல்லும்போது மயக்கத்துக்கு இடமில்லை.

பிள்ளையை இப்படிப்புகளில் சேர்க்க எண்ணும் பெற்றோர் பட்டத்தின் பெயரைக் கேட்டு அமைதியுறலாகாது. அப்பட்டத்துக்குரிய பணி எங்கே உள்ளது, ஊதியம் என்ன, முன்னர்ப் பயின்றோர் இன்று எங்கே இருக்கின்றனர் என்று கல்லூரியில் வினவ வேண்டும். நோயுற்று அயலூர் செல்வோர் பலகையின் இரண்டு எழுத்தோடு நில்லாமல், "தாங்கள் எந்தத் துறையினர்? எந்தப் பதிவேட்டில் பதிவு செய்துள்ளீர்கள்?" என்று பணிவுடன் கேட்கலாம். அக்கேள்விக்கு விடை கிடைக்கவேண்டும் என்பதற்காகவே 1914-இலும் 1916-இலும் சட்டங்கள் செய்யப்பட்டன. கேட்பது நம் உரிமை. நேர்மையாகத் தொழில் செய்வோர் அதற்கு மனமுவந்தே விடை கூறுவர்.